பொண்ணோட நெட்டும் என் பொட்டியும்

எங்கள் பேண்டில் பாடுகிற டீச்சருக்கு ஒரே ஆளிடம் மூன்று தடவை "இல்லை" என்று சொல்ல வராது. நான் அக்கார்டியன் வாசிக்கப் போனதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி அவருக்குப் போன் செய்திருந்தார். கல்யாண வரவேற்புகளை எடுத்து நடத்திக் கொடுப்பது அந்தத் தம்பியின் தொழில். குன்னூரில் ஒரு கல்யாணம், எல்லாமே பழைய காலத்து ஐரோப்பா மாதிரி இருக்க வேண்டும், உங்களிடம் சாக்ஸபோன் உண்டா என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க என்றார் டீச்சர். வயலின்? அதுவும் இல்லைங்க. அக்கார்டியன்? "இருக்குங்களே" என்று சொல்லிவிட்டார். திரும்பவும் இல்லையென்றால் அந்தப் பையன் முகம் வாடிவிடும் என்று பட்டதாம். போனில் முகம் எப்படிங்க தெரியும் என்று டிரம்ஸ்காரர் கேட்டார். குரலிலேயே தெரிந்தது என்றார் டீச்சர்.

நாங்கள் மொத்தம் நாலு பேர். டீச்சர் பாட்டு. மஞ்சூரில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் கிட்டார். டிரம்ஸ்காரரும் நானும் குந்தா பக்கம் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் அன்றைக்கு எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

"அதுல பாதி கீபோர்டுதானுங்க," என்றார் டிரம்ஸ்காரர். "வலது கைப் பக்கம் கட்டை இருக்குது. இடது கைப் பக்கம் என்னமோ பட்டன் இருக்குது. அதை யாரு பாக்கப்போறாங்க?"

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. இடது கைப் பக்கத்துப் பட்டன்களை யாராலும் பார்க்க முடியாது, வாசிக்கிறவனால்கூட.

ஊட்டியில் ஒரு சர்ச்சின் பின்னறையில், கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்து ஆட்டுக்குட்டி முகமூடிகளுக்கும் நடுவில் ஒரு அக்கார்டியன் கிடப்பது டீச்சருக்குத் தெரியும். போய்க் கேட்டோம். பாஸ்டர் யோசிக்கவேயில்லை. "தாராளமா எடுத்துட்டுப் போங்க. திருப்பித் தர்றதுக்கு அவசரமே இல்லைங்க," என்றார். டிரம்ஸ்காரரின் வேன் வரைக்கும் அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிவப்பு நிறப் பொட்டி. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. ஒவ்வொரு மடிப்பின் மூலையிலும் கிழியாமலிருக்க ஒரு சின்னத் தகடு. அதில் ஒன்றிரண்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. வாசிக்காதபோது துருத்தி திறந்துகொள்ளாமலிருக்க மேலே ஒரு வாரும் கீழே ஒரு வாரும் இருக்க வேண்டும். மேல் வார் பேருக்கு இருந்தது. கீழ் வார் இல்லை. போதாக்குறைக்கு, பனி இறங்கினால் வலது கைக் கட்டைகளில் ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது. அதற்குப் பிறகு பொட்டி கொஞ்சம் அசைந்தாலும் அந்த ஒரு சுரம் மட்டும் "ங்ஙீ" என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். நீலகிரியில் பனி இறங்காத நாளுக்கு நான் எங்கே போவேன்.

குவார்ட்டர்ஸில் வைத்துப் பழகினேன். இழுத்தாலும் சத்தம், அமுக்கினாலும் சத்தம். எப்போது இழுப்பது, எப்போது அமுக்குவது என்று யோசித்தால் விரல் நின்றுவிடும். விரலை யோசித்தால் மூச்சு நின்றுவிடும், பொட்டியுடையதும் என்னுடையதும். இடது கைப் பட்டன்களில் ஒன்றுக்கு மட்டும், தொட்டால் தெரிகிற மாதிரி நடுவில் ஒரு குழி உண்டு. அந்தக் குழியைக் கண்டுபிடித்தேன். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக மூன்று பட்டன் எனக்கு வசமானது. மிச்சமிருந்தவற்றை மரியாதையாக விட்டுவிட்டேன்.

என் மனைவி அந்தப் பொட்டியை "அது" என்று மட்டும்தான் சொல்வாள். "அதைக் கட்டில்மேல வைக்காதீங்க." "அதை எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க, நான் கடைக்குப் போய்ட்டு வந்துர்றேன்." பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சாயங்காலம் கையில் தம்ளரோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, ஊட்டுல யாருக்குங்க இழுப்பு? நாலு நாளாக் கேட்டுட்டிருக்கேன், மனசே ஆறலைங்க."

சுக்குக் கஷாயம் கொண்டு வந்திருந்தார். அவ்வளவு அக்கறையாகப் போட்டுக்கொண்டு வந்தவரிடம் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. எனக்குத்தான் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன். உண்மையில் தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று டிரம்ஸ்காரரின் வேனில் டிரம்ஸும் ஸ்பீக்கரும் போக இடம் இருக்கவில்லை. நான் மஞ்சூரிலிருந்து பஸ்ஸில் கிளம்பினேன். பொட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே நல்ல பனி. முதல் வளைவிலேயே அந்தக் கட்டை உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் பஸ் இடது பக்கம் சாய்ந்தால் ஒரு "ங்ஙீ", வலது பக்கம் சாய்ந்தால் ஒரு "ங்ஙீ". அந்தப் பாதையில் நேராகப் போகிற இடம் குறைவு என்பது போனவர்களுக்குத் தெரியும். முன் சீட்டில் கீரைக் கட்டோடு இருந்த பெரியவர் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டு மெதுவாக என்னவோ சொன்னார். கண்டக்டர் வந்து குனிந்தார். "அண்ணா, உள்ள ஏதாச்சும் உசுரோட இருக்குதுங்களா?"

இல்லையென்றேன். அவர் நம்பவில்லை. பொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

குன்னூரில் கல்யாண மண்டபம் ஒரு பழைய பங்களா. முன்னால் பெரிய புல்வெளி, அதன் ஓரத்தில் மேடை, மேடைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. கோயம்புத்தூர்த் தம்பி காதில் மைக்கோடு ஓடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த பையைத் திறந்து, தோளிலிருந்து பேண்ட்டுக்கு மாட்டுகிற இரண்டு பட்டைகளையும், ஆறிப்போன தோசை மாதிரி ஒரு தொப்பியையும் கொடுத்தார். என் மீசையை ஒரு நிமிடம் கவனித்தார். பிறகு எதையோ விரலில் எடுத்து, கேட்காமலேயே இரண்டு முனையையும் மேலே முறுக்கிவிட்டார்.

"அண்ணா, மாப்பிள்ளையும் பொண்ணும் சர்ச்சுலருந்து வந்து இறங்கினதும் நீங்க அவங்களைச் சுத்திச் சுத்தி வாசிச்சுட்டே மேடைவரைக்கும் கூட்டிட்டு வரணும்."

"தம்பி, வாசிக்கச் சொன்னா வாசிக்கறேன். நடக்கச் சொன்னா நடக்கறேன். ரெண்டையும் சேத்துப் பழகலைங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மைக்கில், "ஓகே, அக்கார்டியன் ரெடி," என்றார்.

பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நெட்டையான பையன். பொண்ணு வெள்ளைப் பட்டுப் புடவையும், கொண்டையிலிருந்து தரைவரை தொங்குகிற வெள்ளை நெட்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் அந்த வலைத்துணிக்கு நெட் என்றுதான் பேர். நான் ஒரு மெதுவான மெட்டை ஆரம்பித்தேன். கால் தடுமாறாமல் ஒரு சுற்று சுற்றினேன். அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது சுற்றில் அவளுக்கு நேர் பின்னால் வந்தபோது, கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று துருத்தியை நன்றாக அகல இழுத்தேன். பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஒரு வீசு வீசியது. நான் அமுக்கினேன்.

திரும்ப இழுத்தபோது பொண்ணு தலையை என் பக்கம் சாய்த்தாள். அமுக்கியபோது நிமிர்ந்தாள். இழுத்தேன், மறுபடியும் சாய்த்தாள். என் வாசிப்புக்குத் தலையாட்டிய முதல் ஜீவன் அவள்தான். வீட்டில் யாரும் ஆட்டியதில்லை. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன்.

"அண்ணா," என்றாள் அவள், திரும்பாமலேயே, ரொம்ப நிதானமாக. "அடுத்த தடவை இழுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. என் தலை உங்க பொட்டியில மாட்டிக்கிச்சு."

நெட்டின் ஓரம் துருத்தி மடிப்புக்குள் போய், தூக்கிக்கொண்டிருந்த மூலைத் தகடு ஒன்றில் சிக்கியிருந்தது. எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரியவில்லை. நான் பொட்டியை இறுக்க மூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் சுற்றிலும் கூட்டம். மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் போனில் டார்ச்சைப் போட்டு என் முகத்தில் அடித்தார். ஒரு பெரியவர் தேங்காயெண்ணெய் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். கோயம்புத்தூர்த் தம்பி எங்கிருந்தோ ஒரு கத்திரிக்கோலோடு வந்தார்.

"கத்திரிய உள்ள வைங்க," என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி கத்திரியை மட்டுமில்லை, கையையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது நான் என் கல்யாணத்துக்குப் போட்ட நெட்டுங்க. என் மூத்த மருமகளும் அதைத்தான் போட்டா. இன்னும் ஒரு பையன் இருக்கறான். ஒரு நூல் போகக்கூடாது."

அப்படியானால் தலையிலிருந்து நெட்டைக் கழற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அழகுநிலையத்துப் பெண் காலையிலேயே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாளாம். அவள் எத்தனை கொண்டை ஊசி குத்தினாள், எங்கெங்கே குத்தினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"நெட்டைக் கழட்டினா கொண்டை வந்துரும்," என்றாள் பொண்ணு. "கொண்டை வந்தா பூவெல்லாம் வந்துரும். இன்னும் ஒரு போட்டோகூட எடுக்கலை. நானே பாக்கட்டுங்களா, அத்தை? எனக்கு இது எடுக்க வரும்."

"நீ சும்மா நில்லும்மா. பொண்ணு குனியக்கூடாது," என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பொட்டியை என்னிடமிருந்து வாங்கி வேறொருவர் வைத்துக்கொண்டு நிற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தம்பி வாங்கிப் பார்த்தார். வாங்கிய வேகத்தில் கீழ்ப் பக்கம் திறந்துகொண்டது. நெட்டில் "கிர்" என்று ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. தலைமையாசிரியை அம்மா என் தோளைத் தொட்டார். கிளாஸ் லீடரை நியமிக்கிற மாதிரி இருந்தது.

"நீங்களே வெச்சுக்கங்க. சரியாகிற வரைக்கும் அவ கூடவே இருங்க. அவ நின்னா நில்லுங்க, உக்காந்தா உக்காருங்க."

"சரிங்க மேடம்," என்றேன். வேறென்ன சொல்வது.

பொட்டியைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரும் குறடும் வேண்டும். டிரம்ஸ்காரரின் டூல் பை மேல் ரோட்டில் நிறுத்தியிருந்த வேனில் இருந்தது. இதோ வந்துவிடுகிறேன் என்று போனார்.

அவர் வருவதற்குள் வரவேற்பு ஆரம்பித்துவிட்டது. மேடையில் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் இரண்டு சிம்மாசனம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் ஜெபம். கல்யாணத்தை நடத்திவைத்த பாஸ்டர் கண்ணை மூடி ஆரம்பித்தார். எல்லாரும் தலை குனிந்தோம். நான் குனிந்ததும் பொட்டி "ங்ஙீ" என்றது. பாஸ்டர் நிறுத்தி, அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். நான் மூச்சுவிட்டால்கூட அது மெல்ல ஒரு "ங்ஙீ" சொல்லியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் நீளமான ஜெபம். கடைசியில் தாங்காமல் நான் விட்ட பெருமூச்சும் அவர் சொன்ன ஆமெனும் ஒன்றாகப் போய் முடிந்தன. முன் வரிசையில் ஒரு அம்மா, நல்லா வாசிக்கறாரு இல்ல, என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

கேக் வெட்டினார்கள். மாப்பிள்ளை பொண்ணுக்கு ஊட்டினார், பொண்ணு மாப்பிள்ளைக்கு ஊட்டினாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் என் முகம் இருப்பதைப் பார்த்து மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். நல்ல வளர்ப்பு. எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டார்.

போட்டோ எடுக்கிற பையன்தான் ரொம்பப் பாடுபட்டான். முதலில் என்னைப் பூச்சாடிக்குப் பின்னால் குனியச் சொன்னான். தொப்பி மட்டும் தெரிந்தது. தொப்பியைக் கழற்றச் சொன்னான். வழுக்கையில் வெளிச்சம் அடித்தது. திரும்பவும் போடச் சொன்னான். சிம்மாசனத்துக்குப் பின்னால் மண்டி போட்டேன். பொட்டி சத்தம் போட்டதில் குடும்பப் படத்தில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிவிட்டார்கள். அரை மணி நேரம் போராடிவிட்டு அவன் கேமராவை இறக்கினான். "பரவாயில்லைண்ணா, நீங்களும் நேராவே நில்லுங்க. சிரிங்க," என்றான். அதற்கப்புறம் எனக்கும் சௌகரியம், அவனுக்கும் சௌகரியம்.

வாழ்த்த வரிசை வந்தது. முதலில் வந்தவர் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார், பொண்ணைக் கும்பிட்டார், நானும் பக்கத்தில் நிற்பதால் எனக்கும் கை கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே செய்தார்கள். இரண்டு கையும் பொட்டியைப் பிடித்திருந்ததால் நான் ஒரு விரலை நீட்டினேன். அதைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு தாத்தா என் விரலை விடவேயில்லை.

"பொண்ணோட அண்ணனுங்களா?"

விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் வரிசை நிற்கும். தலையாட்டினேன்.

"தங்கச்சிய இப்படிப் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறீங்களே. இந்தக் காலத்துல யாரு செய்யறா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நெட் வழியாக எனக்குத் தெரிந்தது. அவள் சிரித்தால் நெட் ஆடும், நெட் ஆடினால் பொட்டி ஆடும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

வரிசையில் வந்த இன்னொருவர், வாழ்த்து சொல்லி முடித்ததும் வாயைத் திறந்து உள்ளே விரலை விட்டுக் காட்டினார். "டாக்டர், நீங்க அடைச்சுவிட்ட பல்லு இல்லைங்க, அதுக்கு அடுத்தது. டீ குடிச்சாக் கூசுது."

"அடுத்த வாரம் வாங்க, பாத்துரலாம்," என்றாள் பொண்ணு. அவள் பல் டாக்டர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வாயை அவள் பார்த்திருக்கிறாள். வரிசையில் சிலர் வாயை மூடிக்கொண்டே சிரித்ததற்கும் அர்த்தம் புரிந்தது.

டிரம்ஸ்காரர் வரவில்லை. டீச்சர் போன் போட்டு என் காதில் வைத்தால், ரோட்டுக்கு ஏறுகிற படிக்கட்டில் ஒரு காட்டெருமை படுத்திருக்கிறது, அது எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை, தான் வேனுக்குள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். சுற்றி வருகிற வழி இல்லையா என்றேன். "அங்க இன்னொண்ணு நிக்குதுங்க," என்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, பொண்ணு, நான், எதிரில் தலைமையாசிரியை அம்மாவும் அவர் கணவரும். மட்டன் பிரியாணி. வாசனை நேராக முகத்துக்கு வந்தது. என் கை இரண்டும் பொட்டியில். பொண்ணு கரண்டியை எடுத்து ஒரு வாய் வைக்கப் போனாள். குனிந்ததும் நெட் இழுத்தது, நிமிர்ந்தாள். திரும்பவும் குனிந்தாள், திரும்பவும் இழுத்தது. காலையிலிருந்து அந்தக் கேக் துண்டைத் தவிர அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தாள். அதுவரைக்கும் நான் கேட்காத ஒரு குரலில் பேசினாள்.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்க. அண்ணா, பொட்டியைத் தூக்கி மேசை மேல வைங்க. என்னங்க, டார்ச்சைப் போடுங்க. மூஞ்சியில இல்லைங்க, உள்ள."

அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் கைப்பையிலிருந்து புருவம் எடுக்கிற சின்னக் கிடுக்கி வந்தது. ஐஸ்கிரீமுக்கு வைத்திருந்த எவர்சில்வர் ஸ்பூனைத் துடைத்து, அதன் முதுகை மடிப்புக்குள் கண்ணாடி மாதிரிக் காட்டிப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்தாள்.

"மெதுவாத் திறங்க. இன்னும் கொஞ்சம். ஆ... அவ்வளவுதான். அப்படியே வைங்க."

நான் துருத்தியோடு என் வாயையும் திறந்திருந்தேன் என்பது டார்ச்சைப் பிடித்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவரும் திறந்திருந்தார்.

"வலிச்சாக் கையைத் தூக்குங்க," என்றாள், பழக்கத்தில். நான் சரியென்று தலையாட்டினேன்.

இழுக்கவேயில்லை அவள். நெட்டை முதலில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். பிறகு கிடுக்கியால் எதையோ பிடித்து ஒரு திருப்பு திருப்பினாள். "டிக்" என்று ஒரு சத்தம். நெட் தானாக நழுவி வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது. கிடுக்கி நுனியில் அந்த மூலைத் தகடு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினாள்.

"இது ஏற்கெனவே ஆடிட்டிருந்துச்சு. எடுத்துட்டேன். பக்கத்துல இருக்கறதும் ஆடுது, கவனிச்சுக்கங்க."

ஒரு டிஷ்யூவில் மடித்து என் கையில் கொடுத்தாள். ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

தலைமையாசிரியை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெட்டை வாங்கினார். ஓரத்தை விரல் விரலாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பயறு அளவுக்கு ஒரு ஓட்டை.

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்றேன்.

அவர் நெட்டின் இன்னொரு பக்கத்தைத் தேடி எடுத்து மருமகளின் முன்னால் வைத்தார். அங்கே கையளவு இடத்தில் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"என் கல்யாணத்தன்னிக்கு ஜீப் கதவுல மாட்டிக்கிச்சு," என்றார். "கதவை மூடுனது உங்க மாமாதான். நான் ஏறறதுக்குள்ள ஜீப் கிளம்பிருச்சு, கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். எங்க மாமியாருக்குத் தெரியாம ராத்திரியோட ராத்திரியா உக்காந்து தெச்சேன். பெரியவளுக்குக்கூடச் சொன்னதில்லை. யாராச்சும் உத்துப் பாத்துருவாங்களோன்னுதான் இன்னைக்கு அவ்வளவு சத்தம் போட்டேன்."

எல்லாரும் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்காமல், "கதவு சரியா மூடலைன்னு நெனச்சேன்," என்றார். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்தது நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பொண்ணு ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் பிரியாணியைச் சாப்பிட்டாள்.

டிரம்ஸ்காரர் டூல் பையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு ஏமாற்றம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, எதுக்கும் ஒருதடவை பிரிச்சுப் பாத்துரலாமுங்களா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாமென்று சாப்பிட அனுப்பினோம்.

அதற்கப்புறம்தான் பேண்ட் என்று நாங்கள் மேடையேறினோம். தகடு போன மூலையில் காற்று ஒழுகியது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஓரத்திலிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் நண்பர்களில் நிறையப் பேர் படுகர்கள். இங்கே எந்தக் கல்யாணமும் கடைசியில் வட்டமாக நின்று படுகர் ஆட்டம் ஆடித்தான் முடியும், யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். டிரம்ஸ்காரர் அந்தத் தாளத்தைப் பிடித்தார். எனக்கிருந்த மூன்று பட்டன் அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் "புஸ்" சரியாக அடி எடுத்து வைக்கிற இடத்தில் வந்து விழுந்தது. யாரோ ஒரு பையன் ஓடிவந்து, "அண்ணா, அந்தப் புஸ் சூப்பர், விடாதீங்க," என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். விடாமல் வாசித்தேன். நெட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு பொண்ணு ஆடினாள். பக்கத்தில் தலைமையாசிரியை அம்மா. கோயம்புத்தூர்த் தம்பியும் காதிலிருந்த மைக்கைக் கழற்றிவிட்டு வட்டத்தில் நின்றார். எல்லாரும் வலது பக்கம் போனால் அவர் மட்டும் இடது பக்கம் போனார். ஐரோப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து டீச்சர் வழியாக ஒரு பார்சல் வந்தது. கல்யாண ஆல்பத்தில் நான் இருக்கிற பக்கங்களை மட்டும் தனியாகப் பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பமாக அனுப்பியிருந்தார்கள். சின்னது என்றுதான் சொன்னார்கள். கையில் வாங்கினால் கனமாக இருந்தது.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கேக் ஊட்டுகிற படம். குடும்பப் படம். கோத்தகிரித் தாத்தா என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகிற படம். பிறகு எழுந்துபோய் பீரோவிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இதுல ஒரு படத்துலயாவது நீங்க சிரிச்சிருக்கறீங்களா, காட்டுங்க பாக்கலாம்," என்றாள்.

தேடினேன். எல்லாவற்றிலும் யாரோ என்னைக் கைது செய்து நிறுத்தி வைத்த மாதிரி நிற்கிறேன். புது ஷூ கடித்தது என்றேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லவில்லை என்றேன். ஒன்றும் எடுபடவில்லை.

அந்த வார லீவில், அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, என்னையும் வேட்டி கட்டச் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில், டேலியாச் செடிக்கு முன்னால் நின்றோம். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துவிட்டு இறக்கினார்.

"ஏனுங்க, அண்ணன் மூஞ்சி என்னமோ மாதிரி இருக்குதுங்களே."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே "ங்ஙீ" என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் மார்பில் மாட்டிவிட்டாள்.

"அதைப் பிடிச்சுக்கங்க," என்றாள். "நெருங்கி நிக்கறேன். இழுத்துராதீங்க."